காலையில் நெரிசல், மாலையில் காலி: டிரிப் பிரிவில் நேர ஒதுக்கீட்டை எப்படிச் சரிசெய்வது?

கேள்வி – பிரிவுப் பொறுப்பாளர்

வணக்கம். புறநோயாளிகளுக்கு டிரிப்பில் மருந்து ஏற்றும் பிரிவைக் கவனித்து வருகிறேன். 12 நாற்காலிகள், 4 செவிலியர்கள். கீமோ, மூட்டுவாத மருந்து, இரும்புச்சத்து எல்லாம் இங்கேதான். பெரும்பாலானோரை 9 மணிக்கே வரச் சொல்கிறோம். நண்பகலில் நாற்காலி கிடைக்காமல், கையில் ஊசிக்குழாயுடன் சுவரில் சாய்ந்து நிற்கிறார்கள். 3 மணிக்குப் பாதி நாற்காலிகள் காலி. உடம்பு முடியாதவர்களை இப்படி நிற்க வைப்பது மனத்தை அறுக்கிறது. கூடுதல் நாற்காலி கேட்டு எழுதலாமா?

பதில் – மூத்த செவிலியர்

நாற்காலி இப்போது வேண்டாம் ஐயா. உங்களிடம் முதலில் தீர்ந்துபோவது செவிலியரின் கை. டிரிப் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருவரே மூன்று பேரைப் பார்த்துக்கொள்ளலாம், தொடங்கும்போது முடியாது. பெயரையும் அளவையும் இருவர் சரிபார்க்க வேண்டும். பல சுற்று கீமோ முடித்தவருக்கு நரம்பு எளிதில் அகப்படாது. ஒவ்வாமை வருகிறதா என்று முதல் சில நிமிடங்கள் பக்கத்திலேயே நிற்க வேண்டும். 9 மணிக்குப் பத்துப் பேர் வந்தால் ஆறு பேர் காத்திருந்தே ஆக வேண்டும். ஒரு செவிலியருக்கு அரை மணிக்கு ஒரு தொடக்கம் என்று வைத்து, நால்வரின் தொடக்கங்களையும் சற்று முன்பின்னாகப் பரப்புங்கள்.

எல்லோருக்கும் ஒரே அளவு நேரம் ஒதுக்காதீர்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை தரும் பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்து ஏற 3 மணி நேரம். டிராஸ்டுசுமாப் என்ற புற்றுநோய் மருந்துக்கு முதல் முறை 90 நிமிடம். உடம்பு ஏற்றுக்கொண்டால் பிறகு 30 நிமிடம் போதும். பதிவேட்டில் மருந்தின் பெயரோடு எத்தனையாவது முறை என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

பதில் – மருந்தாளுநர்

நாற்காலியில் அமர்ந்த பிறகும் டிரிப் ஏறாமல் கழியும் நேரத்தை ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். அன்று காலையில் இரத்தம் எடுத்து, வெள்ளணு, தட்டணு எண்ணிக்கை வந்து, மருத்துவர் சம்மதித்த பிறகே நாங்கள் கீமோ மருந்தைக் கலக்க முடியும். இவ்வளவும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே நடக்கிறது! பரிசோதனையை முந்தின நாளே முடித்துவிட்டால், எண்ணிக்கை குறைந்தவரை வீணாக வரவழைக்க வேண்டியதில்லை. காலியாகும் நேரத்தை இன்னொருவருக்குத் தரலாம். நீண்ட நேரம் கெடாத மருந்துகளை முன்கூட்டியே கலந்து வைப்போம். அசாசிடிடின் போல, கலக்கியபின் அதிக நேரம் வைத்திருக்க முடியாதவற்றை மட்டும் நோயாளி வந்த பிறகே கலக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

சகோதரி சொன்னபடி தொடக்கங்களைப் பரப்பிவிடலாம். ஆனால் தொலைவிலிருந்து வருபவரை இரண்டு நாள் அலைய விடுவதா?

பதில் – மூத்த செவிலியர்

வேண்டாம். வீட்டுக்கு அருகிலுள்ள ஆய்வகத்தில் எடுத்த முடிவை மருத்துவர் ஏற்பாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் காலையில் இரத்தம் எடுத்து, பிற்பகலில் நாற்காலி கொடுங்கள். அந்த 3 மணி வெறுமையும் நிரம்பும். குறுகிய டிரிப்புகளுக்கே இது பொருந்தும். ஏறும் நேரத்தையும் பிறகு கண்காணிக்கும் நேரத்தையும் கூட்டி, மூடும் நேரத்திலிருந்து கழித்தால் கடைசித் தொடக்கம் எப்போது என்பது தெரிந்துவிடும்.

இன்னொன்று: 21 நாள் சுழற்சியில் இருப்பவர் எப்போதும் அதே கிழமையில்தான் திரும்பி வருவார். ஆகவே புதிய நோயாளியின் முதல் சுற்றையே கூட்டம் குறைந்த கிழமையில் தொடங்குங்கள். பாதியில் கிழமையை மாற்றச் சொன்னால் மருத்துவரும் தயங்குவார், அவர்களுக்கும் சிரமம்.