52 − 27 = 35 என்று எழுதும் குழந்தைக்கு எப்படிப் புரியவைப்பது?

கேள்வி:
பையனுக்கு எட்டு வயது. ஓரிலக்கக் கூட்டல், கழித்தல் நன்றாக வருகிறது. 'கடன் வாங்கிக் கழித்தல்' வந்த பிறகு கணக்கு நோட்டைத் திறக்கவே பயப்படுகிறான். 52 − 27-க்கு 35 என்று எழுதுகிறான். முறையைத் திரும்பச் சொன்னால் அன்றைக்குச் சரியாகப் போடுவான், மறுநாள் மறுபடி 35. 403 − 168 போல நடுவில் பூஜ்யம் வந்தால் அழுகைதான். இன்னும் நிறையக் கணக்குப் போடவைப்பதா, வேறு வழி உண்டா?

பதில் 1 (குச்சிக்கட்டு):
35 கவனக்குறைவால் வந்த விடை இல்லை. 'பெரியதிலிருந்து சிறியதைக் கழி' என்று முதலில் பழகியதை ஒவ்வோர் இடத்திலும் தனித்தனியாகச் செய்கிறான். 7-இல் 2 போனால் 5, 5-இல் 2 போனால் 3. அவன் கண்ணுக்கு 52 ஒரே எண்ணாகத் தெரியவில்லை, 5-உம் 2-உம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இதே போல நூறு கணக்குப் போட்டாலும் தவறுதான் இறுகும்.

நோட்டைச் சில நாள் மூடிவையுங்கள். 60 குச்சிகள், கொஞ்சம் ரப்பர் பேண்ட் போதும். பத்துப் பத்தாக அவனே எண்ணிக் கட்டட்டும். நீங்கள் கட்டிக் கொடுத்தால் உள்ளே பத்து இருப்பது அவனுக்கு வெறும் வாய்வார்த்தை.

52-ஐ மட்டும் வையுங்கள்: 5 கட்டு, 2 உதிரி. 27-ஐத் தனியாக வைக்கவே கூடாது. இரண்டு குவியலைப் பார்த்தால் குழந்தைக்கு எதிலிருந்து எதை எடுப்பது என்று தெரியாமல் போகும். '27 எனக்குக் கொடு' என்று கேளுங்கள். 2 கட்டைக் கொடுத்துவிடுவான், 7 உதிரிக்குத் திணறுவான். அங்கே வாயைத் திறக்காதீர்கள். ஒரு கட்டைப் பிரிக்கலாம் என்று அவனுக்கே தோன்ற வேண்டும்.

இது பழகியதும், கொடுக்கும் முன்பே ஒரு கட்டைப் பிரிக்கச் சொல்லி, 'இப்போது மொத்தம் எத்தனை?' என்று கேளுங்கள். 4 கட்டும் 12 உதிரியும் அதே 52 என்று எண்ணாமலே சொன்னால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

'கடன்' என்ற சொல்லையும் விட்டுவிடலாம். கடன் என்றால் திருப்பிக் கொடுக்க வேண்டுமே! இங்கே யாரும் எதையும் திருப்பித் தருவதில்லை. 'கட்டைப் பிரி' என்பதே சரி.

கேள்வி கேட்டவர்:
செய்து பார்த்தோம். பிரித்த பிறகு '4, 12... 412' என்கிறான்.

பதில் 1 (குச்சிக்கட்டு):
நல்ல அறிகுறி, சிக்கல் எங்கே என்று தெரிந்துவிட்டது. தாளில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் பத்துகள், வலப்பக்கம் ஒன்றுகள். 'நாற்பது, இன்னும் பன்னிரண்டு' என்று சொல்லவையுங்கள். 'நாலு, பன்னிரண்டு' வேண்டாம். தமிழ் எண்பெயர் இதற்குத் துணை: ஐம்பத்திரண்டு என்றாலே ஐம்பதும் இரண்டும். தொண்ணூறுகளை மட்டும் கடைசியில் எடுங்கள், அந்தப் பெயரில் 'நூறு' ஒலிப்பதால் வீண் குழப்பம் வரலாம்.

பதில் 2 (எண்கோடு):
குச்சியிலிருந்து நேரே எழுத்துக்குத் தாவ வேண்டாம். நடுவில் படம்: பத்துக்கு ஒரு கோடு, ஒன்றுக்கு ஒரு புள்ளி. ஒரு கோட்டை அடித்துப் பத்துப் புள்ளி போடுவதும், 5-ஐ அடித்து 4 எழுதுவதும் ஒன்றே என்று அப்போது புலப்படும்.

போடும் முன்பே தோராயமாகக் கேளுங்கள். 50-இல் 30 போனால் 20, விடை அதையொட்டித்தான் வரும். 35 வந்தால் தானே சந்தேகப்படுவான். 35 + 27 = 62 என்று கூட்டிப் பார்க்கவும் பழக்குங்கள்.

விடை ஒன்றே ஒன்று மட்டும் பிசகினால் அது வேறு நோய். 13 − 8-க்கு 13-ஐயும் சேர்த்து விரலில் பின்னோக்கி எண்ணினால் 6 வரும். அதற்கு 13-இலிருந்து முதலில் 3, பிறகு 5 என்று பத்தில் நின்று இறங்கப் பழக்க வேண்டும்.

பதில் 3 (சிலேட்டு):
403 − 168 பற்றி மட்டும். பூஜ்யத்திடம் கேட்டு, அது நூறிடம் கேட்டு என்று மூன்று முறை அடித்துத் திருத்துவதில்தான் குழந்தை தொலைகிறது. 403-இல் 40 பத்துகளும் 3 ஒன்றுகளும் இருக்கின்றன. ஒரு பத்தைப் பிரித்தால் 39 பத்து, 13 ஒன்று. 13 − 8 = 5, 39 − 16 = 23. விடை 235. ஒரே ஒரு திருத்தம்தான்.

கடிகாரம் வைத்துப் போடவைப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். பதற்றம் வந்தால் பிரித்த எண்களை மனத்தில் நிறுத்த முடியாது, பழைய 'பெரியதிலிருந்து சிறியது' பழக்கம்தான் கைக்கு வரும். நாளுக்கு நான்கு கணக்கு போதும். அதில் ஒன்று 58 − 23 போலக் கட்டே பிரிக்கத் தேவையில்லாததாக இருக்கட்டும், இல்லாவிட்டால் யோசிக்காமல் எல்லாவற்றிலும் பிரிக்கத் தொடங்கிவிடுவான்.