அவுட்ரமில் 'மிஸ்ஸி' (செவிலியர்) ஆன கதை: உங்கள் பயிற்சிக்கால அனுபவங்கள்

மலர், ஈசூன்:

1974-ல் சிங்கப்பூர் அவுட்ரமில், பொது மருத்துவமனை வளாகத்தில் இருந்த நர்ஸிங் பள்ளியில் சேர்ந்தேன். வயது 18. "அடுத்தவங்க பெட்பேனைத் தூக்கவா உன்னைப் படிக்க வைச்சோம்?" என்று அம்மா இரண்டு நாள் பேசவில்லை. அப்பாதான் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

பள்ளி 1956-ல் தொடங்கியது. ஆனால் அந்த வளாகத்தில் நோயாளிகளைக் கவனிக்கும் வேலை அதற்கு வெகுகாலம் முந்தியது. 1885 ஆகஸ்ட் 1 அன்று கான்வென்ட் கன்னியாஸ்திரிகள் அங்கே அந்தப் பணியை ஏற்றார்கள். அந்தத் தேதியைத்தான் இன்றும் செவிலியர் தினமாகக் கொண்டாடுகிறோம்.

மூன்று வருடப் பயிற்சி. கொஞ்ச நாள் வகுப்பு, அப்புறம் வார்டு, மறுபடி வகுப்பு. முதல் ஊசியை ஆரஞ்சுப் பழத்துக்குத்தான் போட்டேன். படுக்கை விரிப்பின் மூலை கொஞ்சம் கோணினாலும் சிஸ்டர் (வார்டின் தலைமைச் செவிலியர்) உருவிப் போட்டு மறுபடி விரிக்கச் சொல்வார்.

நான் சொல்ல வந்தது இரண்டாம் வருடத்தில் நடந்தது. பயிற்சிக்கு அனுப்பிய ஒரு வார்டில் ஒரு தமிழ்த் தாத்தா இருந்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். இரண்டு நாளாகச் சோற்றைத் தொடவில்லை, மைலோ மட்டும் குடித்தார். 'பசியில்லை' என்று குறிப்பில் எழுதியிருந்தது. தமிழ் பேசுகிறவள் என்பதால் சிஸ்டர் என்னை அனுப்பினார்.

"ஏன் தாத்தா சாப்பிடல?"

கையால் வாயை மூடிக்கொண்டு, "பல்செட்டு போச்சு ஆயி. தட்டுல டிஷ்யூவுல சுத்தி வச்சிருந்தேன்" என்றார்.

அந்தத் தட்டை எடுத்துக் கொட்டியது நான். உடம்பெல்லாம் நடுங்கியது. போய்ச் சொன்னேன். சிஸ்டர் கத்தவில்லை. கஞ்சி வரவழைத்து, ஒவ்வொரு வேளையும் நானே பக்கத்தில் உட்கார்ந்து ஊட்ட வேண்டும் என்றார். "இனிமேல் தட்டில் கை வைக்கும் முன் ஆளைக் கேள்" என்றார். பாடப்புத்தகம் பாதி மறந்துவிட்டது. அது மறக்கவில்லை.

சரோ, உட்லண்ட்ஸ்:

என் அம்மா கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரியில் மருத்துவச்சிப் பயிற்சி எடுத்தவர். 1966-ல் மட்டும் அங்கே 39,000-க்கும் மேல் குழந்தைகள் பிறந்தன. கின்னஸில் இடம்பெற்ற எண்ணிக்கை அது! காலை ஊன்றி நிற்க நேரமில்லை, வீட்டுக்கு வந்தால் கால் இரண்டும் வீங்கியிருக்கும் என்பார். மலாயும் ஹொக்கியனும் பிரசவ அறையில்தான் பழகினார். "முக்கு" என்பதை நாலு மொழியிலும் சொல்வார். தேக்கா சந்தையில் யாராவது "மிஸ்ஸி!" என்று கூப்பிட்டுத் தங்கள் பிள்ளையைக் காட்டுவார்கள். அம்மாவுக்கு முகம் ஞாபகம் இருக்காது, ஆனாலும் நின்று, பிள்ளையின் தலையைத் தடவிவிட்டுத்தான் வருவார்.

தேவி, செங்காங்:

மலர் அக்கா, நான் 2009-ல் நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்தேன். டிப்ளமா பயிற்சி 1992-ல் அங்கே போய்விட்டதே. நாங்கள் முதலில் தொட்டது பொம்மை நோயாளியை. எங்கள் வார்டில் இப்போது பல்செட்டுக்குப் பெயர் எழுதிய டப்பா உண்டு. ஆனால் வாயை மூடிக்கொண்டு படுத்திருக்கும் தாத்தாக்கள் இன்னும் இருக்கிறார்கள். தமிழில் கேட்டால்தான் கையை எடுக்கிறார்கள். உங்கள் தாத்தாவுக்குப் புதுப்பல் கிடைத்ததா?

மலர், ஈசூன்:

கிடைத்தது தேவி. வீட்டுக்குப் போன பிறகு மகன் கட்டிக் கொடுத்தார். அடுத்த தடவை கிளினிக்குக்கு வந்தவர், வார்டு வாசல் வரை நடந்து வந்து என்னைக் கூப்பிட்டு, வாயைத் திறந்து காட்டிவிட்டுப் போனார்.