கூகுள் எர்த்தில் தெரிந்த கல்வட்டம், நேரில் போனால் இல்லை: உங்களுக்கு நடந்திருக்கிறதா?

செம்மண்:
நொய்யல் கரை, அகழாய்வு நடந்த கொடுமணலுக்குக் கொஞ்சம் மேற்கே. கூகுள் எர்த்தில் பழைய வருடத்துப் படங்களைத் தள்ளிப் பார்த்தபோது தரிசுக் காட்டில் ஏழெட்டு கல்வட்டங்கள், அதாவது பெருங்கற்காலத்தில் புதைகுழியைச் சுற்றிக் கல் வைத்த வட்டங்கள், பளிச்சென்று தெரிந்தன. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் புள்ளி வைத்துக்கொண்டு கிளம்பினோம். போனால் தென்னந்தோப்பு. சொட்டுநீர்க் குழாய்க்குக் கீறிய மண்ணில் அந்தக் காலத்துக் கறுப்பு சிவப்புப் பானை ஓடு ஒன்று மட்டும் கிடந்தது. உள்பக்கக் கறுப்பு அப்படியே மினுங்கியது. "கல்லெல்லாம் ஜேசிபி விட்டு வாரி வரப்போரம் கொட்டியாச்சுங்க" என்றார் தோப்புக்காரர். குவியலாகக் கிடக்கிறது. எந்தக் கல் எந்த வட்டத்தில் நின்றது என்று இனி யார் சொல்வது? இன்னும் மனசு ஆறவில்லை.

கண்மாய்க்கரை:
படத்தில் வட்டமாகத் தெரிவதெல்லாம் கல்வட்டம் இல்லை. புதுக்கோட்டைப் பக்கம் இப்படிப் போய் நின்ற இடம் பழைய ஆட்டுப்பட்டி.

அப்புறம், டோபோ ஷீட்டையும் (இந்திய நில அளவைத் துறையின் நிலவரைபடம்) சேர்த்துப் பார்த்தீர்களா? ஓர் இடத்தின் ஆயத்தொலைவை எந்த அடிப்படையில் கணக்கிடுகிறோம் என்பதுதான் டேட்டம். பழைய ஷீட்கள் எவரெஸ்ட் 1830 கணக்கில் போட்டவை. ஜிபிஎஸ் தருவது டபிள்யூஜிஎஸ் 84. டேட்டம் மாற்றாமல் ஏற்றினால் நம் பக்கத்தில் இருநூறு மீட்டர் அளவுக்குப் புள்ளி நகர்ந்துவிடும், அதாவது பக்கத்துக் காட்டில் தேடுவீர்கள். 2005 வரைபடக் கொள்கைக்குப் பிறகு வந்த ஓப்பன் சீரீஸ் ஷீட்களில் இந்தத் தொல்லை இல்லை. 1:50,000 அளவில் ஒரு சென்டிமீட்டர் 500 மீட்டர். பத்து மீட்டர் வட்டம் அதில் ஒரு புள்ளிகூட ஆகாது. அதனால் ஷீட்டை ஊர், ஓடை பார்க்க மட்டும் வையுங்கள். அமெரிக்காவின் கொரோனா உளவுச் செயற்கைக்கோள் படங்களையும் பாருங்கள். 1960 முதல் 1972 வரை எடுத்தவை, 1995இல் ரகசியம் நீக்கினார்கள். சின்ன வட்டங்கள் அதில் தெளிவாகத் தெரியாது. ஆனால் நிரவுவதற்கு முன் இருந்த நத்தமேடும் (பழைய குடியிருப்பு மேடு) ஏரிக்கரையும் தெரியும்.

தாழி:
டேட்டம் எல்லாம் சரி. புள்ளியைப் பொதுவில் போடாதீர்கள், அதை முதலில் சொல்லுங்கள். ஒரு கற்பதுக்கையை (பலகைக் கற்களால் கட்டிய பழைய ஈமக்குழி) யாரோ பொது வரைபடத்தில் குறித்துவிட்டார்கள். அடுத்த முறை நான் போனபோது மூடுகல்லைப் புரட்டி, ஆள் இறங்கும் ஆழத்துக்குத் தோண்டியிருந்தது. புதையல் தேடி வந்தவர்கள். உடைத்து வீசிய பானைக்குள் ஏதாவது மிச்சம் இருக்குமா என்று ஒரு பையன் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தான். எலும்புத் துண்டுகள் வெயிலில் கிடந்தன.

செம்மண்:
கண்மாய்க்கரை, ஆட்டுப்பட்டியில் கறுப்பு சிவப்பு ஓடு வராது. நான் டோபோ ஷீட்டை ஏற்றவும் இல்லை, படமும் ஜிபிஎஸ்ஸும் ஒரே டேட்டம்தான்.

தாழி சொல்வது சரி. ஆயத்தொலைவு எதையும் இங்கே போடவில்லை. ஆனால் பக்கத்துக் காட்டில் இன்னும் இரண்டு மூன்று வட்டங்கள் நிற்கின்றன, அதுவும் தென்னைக்குத்தான் போகப்போகிறது என்கிறார்கள். புல எண் போட்டுத் தொல்லியல் துறைக்கு மனு எழுதிவிட்டேன். அதற்குள் ஒவ்வொரு கல்லையும் அளந்து வைத்துவிட வேண்டும். துல்லியமாக அளக்கும் ஆர்டிகே ஜிபிஎஸ்ஸோ டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியோ கைவசம் இருப்பவர்கள் தனிச்செய்தியில் வாருங்கள்.