ஹப் நட்டும் உப்பும்: புதிதாகக் கார் வாங்கிய நம்ம ஊர்த் தம்பிகளுக்கு

இங்கிலாந்துக்குப் போய் ஆறு மாதமான தொண்டித் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "அண்ணே, ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சா முன் சக்கரத்துல டக் டக்னு சத்தம் வருது. டிரைவ் ஷாப்ட் மாத்தணுமாம். கூலியைக் கேட்டா தலை சுத்துது. நாமளே மாத்தலாமா?"

மாற்றலாம். டிரைவ் ஷாப்ட் என்பது கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு. நான் இப்போது விடுமுறைக்கு ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் இருக்கிறேன். போன வாரம்தான் உச்சிப்புளி ஷெட்டில் மாமாவின் காருக்கு இதே வேலை நடந்தது. கூடவே நின்று பார்த்தேன்.

முதலில் சக்கரத்தைத் திருப்பி வைத்து உள்பக்கம் பாருங்கள். ஷாப்டின் மூட்டை (ஜாயிண்ட்) மூடியிருக்கும் ரப்பர் உறை, அதாவது பூட், கிழிந்திருந்தால் கிரீஸ் சிதறி, சக்கரத்தின் உள்புறம் தார் தெறித்த மாதிரி கோடாக அப்பியிருக்கும். சத்தம் வராதவரை பூட்டை மட்டும் மாற்றித் தப்பிக்கலாம். சத்தம் வந்துவிட்டால் உள்ளே மண் போய் ஜாயிண்ட் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். கிரீஸ் அடைத்து ஏமாற்ற முடியாது. இங்கிலாந்தில் கார் 3 வயதைத் தாண்டினால் வருடா வருடம் எம்ஓடி என்ற கட்டாயத் தகுதிச் சோதனை உண்டு. அழுக்கு உள்ளே போகும் அளவுக்குப் பூட் கிழிந்திருந்தாலே பெயில்தான்.

பாகம் வாங்குவது சுலபம், வண்டி எண்ணைச் சொன்னால் போதும். ரீகண்டிஷன் (பழுதுபார்த்துப் புதுப்பித்த) ஷாப்ட் என்றால் உங்கள் பழையதைத் திருப்பித் தரும்வரை ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள், அதனால் பழசைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

இனி ஹப் நட், அதாவது ஷாப்டின் வெளிமுனையைச் சக்கரத்தின் நடுப்பாகத்தில் (ஹப்) பிடித்து வைக்கும் பெரிய நட். மொத்த வேலையில் பாதி இதுதான். நான் முதல் தடவை காரை ஜாக்கியில் தூக்கிவிட்டு நட்டோடு மல்லுக்கட்டினேன். நட் அசையவில்லை, கார்தான் ஆடியது. ஜாக்கி ஒரு விரல்கடை நகர்ந்ததைப் பார்த்ததும் வேர்த்துவிட்டது, அதுவும் ஜனவரிக் குளிரில். அங்கே குளிர்காலத்தில் ரோட்டில் உப்பைத் தூவுகிறார்கள். உப்பு இரும்பை என்ன செய்யும் என்று பாம்பன் பக்கத்து ஆளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1914-ல் திறந்த ரயில் பாலத்தில் துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடித்துக்கொண்டே இருந்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம்.

ஆகவே முந்தின இரவே நட்டில் துரு ஆயில் அடித்து வையுங்கள். நட்டின் விளிம்பைத் தட்டி மடக்கியிருந்தால் உளியால் நிமிர்த்துங்கள். நான்கு சக்கரமும் தரையில் இருக்கட்டும். ஹேண்ட்பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்கு அடை கொடுத்து, ஒருவர் பிரேக்கை மிதிக்க, நீளமான கம்பியால் நட்டை லேசாக இளக்க மட்டும் செய்யுங்கள். உச்சிப்புளியில் ஷெட் அண்ணன் ஆளுயரப் பைப்பை மாட்டி ஒரு முறைதான் தொங்கினார். படீர் என்றது, "ம், இனி இது கழுதை இல்லை, ஆடு" என்று சிரித்தார்.

அப்புறம்தான் ஜாக்கி, கூடவே காரைத் தாங்கும் ஸ்டாண்டு. ஷெட்டில் மரக்கட்டை வைத்தார்கள். அதை மட்டும் நீங்கள் பின்பற்றாதீர்கள். சக்கரத்தைக் கழற்றி, ஹப்பைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் பால் ஜாயிண்டை (உருண்டை மூட்டு) பிரித்து, ஹப்பை வெளிப்பக்கம் சாய்த்தால் ஷாப்டின் வெளிமுனை வந்துவிடும். பிரேக் ஹோஸ் இழுபடாமல் பாருங்கள். முனை வரவில்லை என்று மரையில் நேராகச் சுத்தியலால் அடித்தால் புது நட் ஏறாது. ஷாப்டைத் தொங்க விடாமல் கயிற்றில் கட்டுங்கள்.

உள்முனையைக் கழற்றும்போது பெரும்பாலான வண்டிகளில் கியர் ஆயில் கொட்டும், அடியில் தட்டு வையுங்கள். ஷாப்டைப் பிடித்து இழுக்கக் கூடாது, ஜாயிண்ட் கையோடு பிரிந்து வரும். ஜாயிண்டுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் கம்பி கொடுத்து, ஆயில் கசியாமல் தடுக்கும் சீலில் படாமல் நெம்ப வேண்டும். கையோடு ஆயில் சீலையும் மாற்றிவிடுங்கள், பெரிய விலை கிடையாது. பழசையும் புதுசையும் பக்கத்தில் வைத்து நீளம், பல் எண்ணிக்கை, ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வளையம் மூன்றையும் ஒப்பிடுங்கள். ஷாப்ட் இல்லாத சக்கரத்தை மாட்டிக் காரை உருட்டாதீர்கள், பேரிங் போய்விடும்.

மாட்டுவது இதன் தலைகீழ். சீல் உதட்டில் கொஞ்சம் ஆயில் தடவுங்கள். உள்முனையில் சர்க்ளிப் (பூட்டும் கம்பி வளையம்) இருந்தால் அது சரியாகப் பள்ளத்தில் விழுந்ததா என்று ஜாயிண்டைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். ஹப் நட் கட்டாயம் புதியது. கடைசி இறுக்கம் சக்கரம் தரையில் நின்ற பிறகு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில். 200 நியூட்டன் மீட்டரைத் தாண்டியும் கேட்கும் வண்டிகள் உண்டு, உங்கள் மாடலின் மேனுவலைப் பாருங்கள். ஷெட் அண்ணன் கைக்கணக்கில் இறுக்கினார். அந்தக் கைக்கு வயது நாற்பது வருடம், நமக்கு ரெஞ்ச்தான். கொட்டின ஆயிலுக்குப் பதில் அதே ரகத்தை ஊற்றி அளவு பாருங்கள்.

வாடகை வீடென்றால் வாசலில் கார் வேலை பார்க்கலாமா என்று ஒப்பந்தத்தைப் படித்துவிடுங்கள். பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் கவுன்சிலின் மறுசுழற்சி மையத்தில் கொடுங்கள்.

தம்பி, கார் எந்த மாடல், எந்த வருடம், சத்தம் வலமா இடமா என்று எழுதுங்கள். சில வண்டிகளில் வலது ஷாப்டுக்கு நடுவில் ஒரு பேரிங் இருக்கும், அது இருந்தால் வேலை கொஞ்சம் மாறும்.