சிறுத்தைப் பல்லி பதினாறு நாளாக இரை எடுக்கவில்லை

கேள்வி

வணக்கம். நாங்கள் டொராண்டோவில் ஸ்கார்பரோ பகுதியில் வசிக்கிறோம். என் மகள் ஒன்றரை ஆண்டாக லெப்பர்ட் கெக்கோ எனப்படும் சிறுத்தைப் பல்லி ஒன்றை வளர்த்து வருகிறாள். பெண் பல்லி, வயது ஏறத்தாழ இரண்டு. டிசம்பர் தொடக்கம் வரை மூன்று நாளுக்கு ஒரு முறை ஆறேழு கிரிக்கெட் பூச்சிகளைத் துரத்திப் பிடித்துத் தின்றது. இப்போது பதினாறு நாளாக எதையும் தொடவில்லை. பூச்சியை முகத்துக்கு நேரே விட்டாலும் தலையைத் திருப்பிக்கொள்கிறது. தொட்டிக்கு வெளியே, அடிக் கண்ணாடியில், ஒரு பக்கம் ஹீட் மேட் எனப்படும் மின்சூட்டு விரிப்பை ஒட்டியிருக்கிறோம். உள்ளே, வாங்கிய கடையில் பரிந்துரைத்த கால்சியம் மணல் மூன்று விரல் கனத்துக்கு இருக்கிறது. சுவர்க் கண்ணாடியில் ஒட்டிய வெப்பமானி 27 டிகிரி செல்சியஸ் காட்டுகிறது. நேற்று முன்தினம் சட்டை உரித்தது. இடது முன்காலின் இரண்டு விரல்களில் பழைய தோல் வெள்ளை மோதிரம் போல் இறுகி நிற்கிறது. மகள் இரவில் இரண்டு முறை எழுந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வருகிறாள். வாயைத் திறந்து ஊட்டிவிடலாமா?

மறுமொழி 1

தயவுசெய்து ஊட்ட வேண்டாம். உடல் சூடாகாத பல்லியின் வயிற்றில் போகும் உணவு செரிக்காமல் தங்கிவிடும். பட்டினியைவிட அதுவே ஆபத்து. இவை ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய பகுதிகளின் வறண்ட கல் நிலத்துப் பல்லிகள். பகலெல்லாம் வெயில் குடித்த பாறையின் மேலும் அடியிலும் வயிற்றை ஒட்டவைத்துச் சூடு ஏற்றிக்கொண்டு, பொழுது சாயும் நேரத்தில் இரை தேடுபவை. ஆகவே பார்க்க வேண்டியது, சூடான பக்கத்து மறைவிடத்தின் தரை எத்தனை டிகிரி என்பதை. அது 31 முதல் 33 வரை இருக்க வேண்டும். குளிர்ந்த பக்கம் 24 முதல் 26 வரை போதும். சுவரில் ஒட்டிய வெப்பமானி இதைச் சொல்லவே சொல்லாது. அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று வாங்கித் தரையில் நேராக அளந்து பாருங்கள்.

எனக்கு ஐயம் மணல் மீதுதான். மூன்று விரல் மணல், கீழிருந்து வரும் சூட்டைப் போர்வை போலத் தடுத்துவிடும். மேலே தரை குளிர்ந்திருக்கும், அடியில் கண்ணாடி கொதிக்கும். என் பல்லி முதல் குளிர்காலத்தில் ஒரு மூலையில் மணலைத் தோண்டித் தோண்டி, கண்ணாடி தெரியும் வரை போய், அங்கே தட்டையாகப் படுத்துக் கண் மூடிக் கிடந்தது. வளை தோண்டுகிறது என்று மகிழ்ந்தேன். உண்மையில் அது சூட்டைத் தேடியிருக்கிறது, வயிற்றில் சிவந்த தழும்பைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. மணலை அகற்றிப் பேப்பர் டவல் விரியுங்கள். சூட்டை ஒரே அளவில் நிறுத்தும் தெர்மோஸ்டாட் கருவி இல்லாமல் ஹீட் மேட்டை ஒரு நாளும் இயக்காதீர்கள். அந்தக் கருவியின் உணரி மறைவிடத்தின் தரையில் இருக்கட்டும்.

மறுமொழி 2

வெப்பத்தைப் பற்றி மேலே சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். ஆனால் விரல்களைக் கவனிப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். அந்தத் தோல் காயக் காய இறுகி, இரத்த ஓட்டத்தை நிறுத்தி, விரல் நுனியே உதிர்ந்துவிடும். கணுக்கால் அளவு வெதுவெதுப்பான நீரில் பதினைந்து நிமிடம் நிற்கவிட்டு, ஈரமான பஞ்சுக் குச்சியால் நுனியை நோக்கி மெல்ல உருட்டுங்கள். வராவிட்டால் இழுக்க வேண்டாம், மறுநாள் பாருங்கள். உணவு அடைக்கும் பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு வாசல் வெட்டி, உள்ளே நனைத்துப் பிழிந்த பாசியையோ பேப்பர் டவலையோ வைத்துச் சூடான பக்கத்தை ஒட்டி வைத்தால், அடுத்த முறை அதுவே உள்ளே போய் உரித்துக்கொள்ளும்.

கண்களையும் பாருங்கள். நம் வீட்டுச் சுவர்ப் பல்லிக்கு அசையும் இமை கிடையாது, இதற்கு உண்டு. உரித்த தோலின் துணுக்கு இமைக்கடியில் சிக்கினால் இரை சரியாகத் தெரியாது. கால்சியம் மணலைப் பொறுத்தவரை, கால்சியம் குறைந்த பல்லி அதை நக்கி நக்கித் தின்று குடல் அடைத்துக்கொள்ளும். கால்சியமும் வைட்டமின் டி3-உம் பூச்சியின் மேல் தூவிய பொடியாகத்தான் போக வேண்டும். கடைசியாக எப்போது மலம் கழித்தது என்பதை எழுதுங்கள்.

மறுமொழி 3

சமையலறைத் தராசு ஒன்றில் இன்றே எடை பார்த்துக் குறித்துவையுங்கள். வாலில் கொழுப்பைச் சேமிக்கும் உயிர் இது. வளர்ந்த பல்லி, எடை குறையாத வரை, சில வாரம் தின்னாமல் இருப்பதைத் தாங்கும். கருமுட்டை உருவாகும் காலத்தில் ஆண் துணை இல்லாத பெண்களும் இரையை மறுப்பதுண்டு. வயிற்றுத் தோலினூடே இரண்டு இளஞ்சிவப்பு வட்டங்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள். ஆனால் சூடு சரியான பின்பும் வால் குச்சியாக மெலிந்தால், தின்றதைக் கக்கினால், புதிய மலத்தை எடுத்துக்கொண்டு ஊர்வனவற்றைப் பார்க்கும் மருத்துவரிடம் போய் கிரிப்டோஸ்போரிடியம் என்ற குடல் ஒட்டுண்ணிக்கான பரிசோதனை கேளுங்கள். குளிர்காலப் பட்டினிதான் என்று நான் இரண்டு மாதம் காத்திருந்து ஒரு பல்லியை இழந்தேன். இன்றும் அந்த எடைக் குறிப்புகளைத் தூக்கிப் போட மனம் வரவில்லை.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. மறைவிடத்தில் மணலின் மேற்பரப்பு 23.5 டிகிரி. மணலை ஒதுக்கி அளந்தபோது கண்ணாடி 41. பார்த்ததும் மகள் அழுதுவிட்டாள். மணல் முழுவதையும் அன்றே கொட்டிவிட்டோம்; தெர்மோஸ்டாட் 32-இல் நிற்கிறது. வயிற்றில் தழும்பு இல்லை, கண்கள் தெளிவாக உள்ளன. எடை 54 கிராம். மூன்றாம் நாள் மணல் கலந்த மலம் கழித்தது. ஐந்தாம் நாள் மாலை தானாக வெளியே வந்து, இடுக்கியில் நீட்டிய இரண்டு மீல்வார்ம் புழுக்களை எடுத்துக்கொண்டது. ஒரு விரலின் தோல் கழன்றுவிட்டது. மற்றதன் நுனி கறுத்திருக்கிறது, நீரில் வைத்தும் தோல் அசையவில்லை. வியாழக்கிழமை காலை மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறோம்.