பாஸ்கீ பயன்படுத்துபவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. அப்பாவின் மின்னஞ்சலைப் பாஸ்வேர்டிலிருந்து பாஸ்கீக்கு (பாஸ்வேர்டு தட்டாமல், கைரேகை, முகம் அல்லது போனின் திரைப் பூட்டைக் கொண்டே உள்நுழையும் முறை) மாற்ற நினைக்கிறேன். எல்லாப் பாஸ்வேர்டையும் டைரியின் கடைசிப் பக்கத்தில்தான் எழுதி வைத்திருக்கிறார். எந்தப் போலி லிங்க்கை நம்பி எதைத் தட்டிவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

2022-ல் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து ஆதரவு அறிவித்த முறை இது. இதில் ஜோடியாக உருவாகும் இரண்டு டிஜிட்டல் சாவிகளில் ரகசியச் சாவி இணையதளத்துக்குப் போவதே இல்லை; அங்கே இருப்பது பொதுச் சாவி மட்டும். போலித் தளத்தில் பாஸ்கீ வேலை செய்யாது என்பதுதான் எனக்குப் பிடித்தது.

ஆனால் போன் தொலைந்தால்? அவரிடம் ஆண்ட்ராய்டு போனும் ஐபேடும் இருக்கின்றன. இரண்டிலும் தனித்தனியாக உருவாக்கினால் போதுமா, பாஸ்வேர்டு மேனேஜரில் வைப்பது நல்லதா? அப்புறம், பழைய பாஸ்வேர்டை என்ன செய்வது? பெரியவர்களுக்கு இதைச் செய்து கொடுத்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.