வளாக ஆண்டு மலர்: அச்சுக்குக் கொடுக்குமுன் என்ன பார்க்க வேண்டும்?

கேள்வி:
திருகோணமலை, கோணேசபுரி வளாகத்தில் இறுதி வருட மலர் தயாரிக்கிறோம். ஏ4 அளவு, 90 பக்கம், மூன்று மொழி ஆக்கங்கள். பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளில் தமிழ் உடைகிறது. கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. அண்ணாமார், அக்காமார், வழி சொல்லுங்கோ.

பதில் 1:
தம்பி, பத்தி அமைப்பில் 'வேர்ல்ட்-ரெடி கம்போசர்' என்பதைத் தெரிவு செய்யுங்கோ, கொம்பு சரியான இடத்துக்கு வரும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் வரும் ஆக்கங்களை முதலே யூனிகோடுக்கு மாற்றுங்கோ. மாற்றியபின் மேற்கோள்குறி, அடைப்புக்குறி, இடையில் வந்த ஆங்கிலச் சொற்கள் சிதைந்திருக்கும். மூலத்தோடு வரிவரியாக ஒப்பிட வேணும். பிடிஎஃப்பில் எழுத்துருக்களைப் பதித்தே அனுப்புங்கோ.

மடித்த தாளில் பக்கங்கள் நாலு நாலாகத்தான் வரும், 90 நாலால் பிரியாது. 96 ஆக்கினால் 16 பக்கப் படிவம் (ஒரே தாளில் அச்சடித்து மடிக்கும் தொகுதி) ஆறு, தாளும் வீணாகாது. ஒட்டுக் கட்டு (முதுகில் பசை போட்டு ஒட்டுவது) என்றால் உள் ஓரம் 20 மி.மீ. விடுங்கோ, இல்லாவிட்டால் வரிகள் முதுகுக்குள் மறைந்துவிடும். வெட்டு விளிம்புக்கு (அச்சடித்தபின் வெட்டி எறியும் மேலதிக ஓரம்) நாலு பக்கமும் 3 மி.மீ. விடுங்கோ.

பதில் 2:
படங்களை வட்ஸ்அப்பில் படமாக வாங்காதேங்கோ, சுருங்கிவிடும். டொக்யூமென்டாக அனுப்பச் சொல்லுங்கோ. 35×45 மி.மீ. படத்துக்கு 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 413×531 பிக்சல் வேணும். முழுப்பக்கப் படத்துக்கு, வெட்டு விளிம்போடு, 2551×3579. திரையில் பளிச்சிடும் கடல் நீலம் சிஎம்வைகே என்ற நாலு மை அச்சில் மங்கும். அட்டைக்கு மட்டுமாவது மாதிரி அச்சுப் பிரதி கேட்டுப் பாருங்கோ.

பதில் 3:
எல்லாவற்றையும்விட முக்கியம் பெயர்கள். முதலெழுத்து, எழுத்துக்கூட்டல், படம் மூன்றையும் ஒரே தாளில் அச்சடித்து, ஒவ்வொரு மாணவரிடமும் கையெழுத்து வாங்குங்கோ. சிங்களப் பெயர்களைச் சிங்களம் தெரிந்தவரே பார்க்க வேணும். கையெழுத்து வாங்கியபின் அந்தப் பக்கங்களில் யாரும் கைவைக்கக் கூடாது.